அழுதா மூக்குச் சிந்துவாளா?

கண்டி ஆஸ்பத்திரியின் கண் பகுதிக்குப் புதுக் கட்டடம் திறக்கப் போகிறார்களாம். அதற்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறோம், நீங்களும் நாலு பக்கம் எழுதித் தாங்க மிஸ்ஸி என்று இப்போது வேலையில் இருக்கிற நேர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர் வீடு தேடி வந்து கேட்டார்கள். என்ன எழுதணும் என்றேன். பழைய ஞாபகம், நன்றி, வாழ்த்து, அப்படி ஏதாவது என்றார்கள். நன்றியும் வாழ்த்தும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், படத்தோடு எழுதுவார்கள். எனக்கு அது வராது. எனக்குத் தெரிந்தது கண்ணீர் போகிற வழி. அதைப் பற்றி எழுதுகிறேன், போட்டால் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

போகும்போது அதில் ஒருத்தி வாசலில் நின்று கேட்டாள், இப்போது மூக்குக்குள்ளே கமெரா விட்டுப் பார்க்கிறார்கள், உங்கள் காலத்தில் எதை வைத்துப் பார்த்தீர்கள் என்று. ஒரு டோர்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு கேள்வி என்றேன். சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி முன்னால் போய் நின்று கீழ் இமையை மெல்ல வெளியே இழுத்துப் பாருங்கள். மூக்குப் பக்கத்து மூலையில், இமை விளிம்பில், ஊசி குத்தினதுபோல ஒரு சின்னத் துளை தெரியும். மேல் இமையிலும் ஒன்று உண்டு. நாம் சும்மா இருக்கும்போதும் கண்ணில் தண்ணீர் ஊறிக்கொண்டேதான் இருக்கிறது. அது இந்தத் துளைகளுக்குள் இறங்கி, இமைக்குள் ஓடுகிற மெல்லிய குழாய்களில் போய், மூக்கோரத்தில் இருக்கிற ஒரு சின்னப் பையில் சேர்ந்து, அங்கிருந்து மூக்குக்குள் விழுகிறது. அழுகிறபோது மூக்கு ஒழுகுவது அதனால்தான். மூக்கைச் சிந்தி அழுதாள் என்று நம் ஆட்கள் சொல்வது வெறும் அலங்காரம் இல்லை, அப்போது மூக்கில் வருவதில் பெரும்பங்கு கண்ணீர். சில பிள்ளைகள் இந்த வழியில் எங்காவது ஓர் அடைப்போடு பிறக்கிறார்கள். அநேகமாக அது மூக்குப் பக்கத்து முனையில் இருக்கும். அது லேசான கேஸ். எப்போதாவது ஒரு பிள்ளைக்கு வாசல் துளையே இருக்காது. நான் எழுத வந்தது அப்படி ஒருத்தியைப் பற்றி.

என் படிப்புக் காலத்தில் சொல்ல அதிகம் இல்லை. அப்பா கண்டி மாநகர சபையில் கிளார்க். கட்டுக்கலையில் வாடகை வீடு, ஆறு பிள்ளைகள், நான் மூன்றாவது. எஸ்.எஸ்.ஸி. பாஸ் பண்ணினேன், நேர்ஸிங் படித்தேன், வார்டு வார்டாகச் சுற்றினேன். கண் பகுதிக்குப் போக அப்போது ஒருத்தருக்கும் விருப்பமில்லை. அங்கே என்ன, சொட்டு மருந்து விடுகிற வேலைதானே என்பார்கள். என்னைப் போட்டார்கள். போன முதல் வாரமே எனக்குப் பிடித்துப் போனது. சின்ன வேலை, நுணுக்கமான வேலை. எனக்குக் கை நடுங்காது. இன்றைக்கும் நடுங்காது, வேண்டுமானால் வந்து பாருங்கள்.

எங்கள் பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பெயரை எழுதினால் மேலே இருந்து முறைப்பார், பெரியவர் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். ஒல்லியான ஆள், வெள்ளை முழுக்கைச் சட்டை, பேச்சு குறைவு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போடுகிற டொக்டர்களுக்குக்கூட நாங்கள் பழகியிருந்தோம். இவர் மெதுவாகப் பேசுகிறபோதுதான் பயம். கை கழுவுகிற நேரம்தான் அவருக்குக் கேள்வி கேட்கிற நேரம். அரிசி களைகிற மாதிரி விரல் விரலாகக் கழுவிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமலே நோயாளியைப் பற்றிக் கேட்பார். நாம் பதில் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்.

"நீர் பார்த்தனீரோ, நினைச்சனீரோ?"

எத்தனையோ சின்ன டொக்டர்மார் அந்த வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் நின்று வேர்த்திருக்கிறார்கள். பார்த்தேன் என்று பொய் சொன்னால் அதைவிட மோசம், எந்தப் பக்கம் என்று கேட்பார். நான் சீக்கிரமே ஒன்று கற்றுக்கொண்டேன். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் மனிதர் ஒன்றும் சொல்லமாட்டார், போய்ப் பாரும் என்பார், அவ்வளவுதான்.

கண்ணில் தண்ணீர் வடிகிறது என்று வருகிறவர்களை அவர் எடுத்ததும் தொடமாட்டார். விளக்கைப் போட்டால் நல்ல கண்ணே கலங்கும், பிறகு எதைப் பார்ப்பது என்பார். பஞ்சைத் திரி மாதிரி முறுக்கி, கண்ணோரத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, நோயாளியைச் சன்னல் வெளிச்சத்துக்கு முகம் காட்டி உட்கார வைத்துவிட்டுக் காத்திருப்பார். வெளியே கியூ, மணி அடித்துவிட்ட பள்ளிக்கூடம் மாதிரி இரைந்துகொண்டிருக்கும். அவருக்கு அவசரமே இல்லை. எந்த மூலையிலிருந்து தண்ணீர் முதலில் நிரம்பி வழிகிறது என்று பார்த்த பிறகுதான் விரலைக் கொண்டுபோவார்.

பச்சைப் பிள்ளைகள் நிறைய வரும். மடவளையிலிருந்து ஒரு தடவை ஓர் இளம் தாய் தன் ராத்தாவோடு, அக்காவோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தா. பிள்ளைக்கு ஒரு கண் எப்போதும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணூறு என்று ஓதி நூல் கட்டியிருந்தார்கள், அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் வீட்டில் யாரோ சொல்லித் தாய்ப்பாலைக் கண்ணில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு நன்றாக ஏசினேன். தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று ஒரு வித்தியாசமும் இல்லாமல் எல்லாத் தாய்மாரும் செய்கிற வேலை அது. பால் வயிற்றுக்கு, கண்ணுக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் தேய்ந்தது. பிறகு அந்தத் தாயின் நகத்தை நானே வெட்டிவிட்டு, மூக்கோரத்துக் குழியில் விரல் நுனியை வைத்து, அமத்திக் கீழ்நோக்கி உருட்டுகிற விதத்தைக் காட்டிக் கொடுத்தேன். இமையைத் தேய்க்கிறது இல்லை, எலும்போரத்தில் அமத்துகிறது. அது சரியாக வரும்வரை ஒருத்தரையும் வீட்டுக்கு விடமாட்டேன். அநேகமான பிள்ளைகளுக்கு அதிலேயே வழி திறந்துவிடும். மடவளைப் பிள்ளைக்கும் திறந்தது. பெருநாள் முடிந்து ஒரு பெட்டி நிறைய வட்டிலாப்பம் வந்தது, பெரியவரும் ஒரு துண்டு சாப்பிட்டார்.

திறக்காத பிள்ளைகளுக்கு ஒரு வயது வாக்கில் கம்பி விடவேண்டும். இமைத் துளையால் மெல்லிய வெள்ளிக் கம்பியை விட்டு மூக்குவரை இறக்குவார். முனையில் இருக்கிற சவ்வு விடுபடும்போது கையில் ஓர் இளக்கம் தெரியுமாம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. பிள்ளையைத் துணியில் சுற்றித் தலையைப் பிடிக்கிறது என் வேலை. என் கைக்குள் வந்த பிள்ளை அசைந்தது கிடையாது. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

இனி சரோஜாவுக்கு வருகிறேன்.

எழுபதுகளில், பாண் ரொட்டிக்கும் வரிசை நின்ற காலம். கடுகண்ணாவையில் மெயின் ரோட்டில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார் அவள் அப்பா. கணவாய் ஏறி வருகிற லொறிக்காரர்கள் எஞ்சின் ஆற நிறுத்தி டீ குடிக்கிற இடம். ஒரு கிளினிக் நாளில் தாய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தா. பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். கண் துடைக்கக் கையில் ஒரு லேஞ்சி, கைக்குட்டைதான், இரண்டு கண்ணிலும் தண்ணீர் நிரம்பிக் கன்னத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்துக் கண்ணுக்குக் கீழே தோல் சிவந்து வெடித்திருந்தது. முகம் மட்டும் சாதாரணமாக இருந்தது. அழுகிறவர்கள் முகம் ஒரு மாதிரி கோணும் இல்லையா, அது இல்லை. அமைதியாக உட்கார்ந்து கிளினிக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள், கண் மட்டும் தன் பாட்டுக்கு அழுதது.

பிறந்ததிலிருந்தே அப்படித்தானாம். அடுப்புப் புகை என்று வீட்டில் நினைத்திருந்தார்கள், கடைக்கார வீட்டில் புகைக்கு என்ன பஞ்சம். பீளை இல்லை, வலி இல்லை, பார்வை நல்ல பார்வை, அதனால் ஒருத்தரும் பெரிதாக எடுக்கவில்லை. பெண் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கின பிறகுதான் விஷயம் முற்றியது. முதலில் வந்த வீட்டார் டீயைக் குடித்துவிட்டு, பிள்ளை அழுதுகிட்டே இருக்கு, வேற எங்கயோ மனசு இருக்கும்போல என்று சொல்லிப் போனார்கள். இரண்டாவது வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் போனார்கள். மூன்றாவது வந்த பெரிய மனிதர் நல்லெண்ணத்தோடு அப்பாவைத் தனியே கூப்பிட்டு, இஷ்டமில்லாத புள்ளைய வற்புறுத்தாதீங்க, பாவம் என்று புத்தி சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு டிஸ்பென்சரிக்காரர் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரையைக் குடித்துவிட்டுத் தூங்கி வழிந்துகொண்டே கண்ணீரும் வடித்தாள், அவ்வளவுதான் முன்னேற்றம்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டார். பஞ்சால் ஒற்றினார், காத்திருந்தார். பிறகு தாயைப் பார்த்து, பிள்ளை அழேக்க மூக்குச் சிந்துறவளோ என்றார். கடுகண்ணாவைத் தாய்க்கு அந்தத் தமிழ் பாதி விளங்கவில்லை. நான் எங்கள் பேச்சில் சொன்னேன்.

"அழுதா மூக்குச் சிந்துவாளா?"

தாய்க்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன மிஸ்ஸி இப்படிக் கேக்குறீங்க? எம்புள்ள ரொம்பச் சுத்தமான புள்ள. தடிமன் புடிச்சா உண்டு, யாருக்குத்தான் இல்ல? மத்தபடி எவ்வளவு அழுதாலும் அவ மூக்கு ஒழுகுனதே கெடையாது. பொண்ணு பாக்க வாறவங்ககிட்டயும் இதச் சொல்லித்தான் நான் பெருமப்படுறது."

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த அம்மா வருஷக்கணக்காக ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததே வியாதியின் அடையாளம். தடிமன் சளி மூக்கிலேயே உண்டாவது, அது வரும். கண்ணீருக்கு மூக்குப்பக்கம் போக வழி இல்லை, அதனால் ஒழுகவில்லை. நம் ஆட்களிடம் மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். மூக்கு ஒழுகாத பிள்ளை என்றால் நமக்கு வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் நாலு இமையிலும் துளை இல்லை. வழவழவென்று இருந்தது விளிம்பு. அவர் கண்ணாடியை என்னிடம் நீட்டி, பாரும் என்றார். நேரம் எடுத்துப் பார்த்தேன். இடது கீழ் இமையில், துளை இருக்கவேண்டிய இடத்தில், மணல் பொடியளவு ஒரு வெளுத்த மேடு இருந்தது. சொன்னேன். பார்த்தனீரோ என்று அவர் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு தாயை விட்டுவிட்டுப் பெண்ணிடமே பேசினார். அந்த நாளில் எந்த டொக்டரும் அப்படிப் பேசுவதில்லை. வாசல் மேலே தோல் மூடியிருக்கிறது, உள்ளே குழாய் இருந்தால் திறந்துவிடலாம், குழாயும் இல்லாமல் பிறந்திருந்தால் எலும்பில் துளை போட்டுக் கண்ணாடிக் குழாய் வைக்கவேண்டும், அந்தச் சாமான் இப்போது நாட்டுக்குள் வருவதில்லை, திறந்து பார்க்கும்வரை எது என்று எனக்குத் தெரியாது, வாக்குத் தர முடியாது என்றார். சரோஜா கேட்டுக்கொண்டிருந்தாள். தாய்தான் பதறி, வாற போயாவுக்குள்ள ஆகிடுமா சேர் என்று கேட்டா. ஏன் போயா என்று நான் தனியே விசாரித்தேன்.

தெல்தெனியவிலிருந்து ஒரு வீட்டார் போயா நாளில், பௌர்ணமி லீவில், பெண் பார்க்க வருகிறார்கள். பையன் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவர். பழைய தெல்தெனிய, இப்போது அந்தக் கடைத் தெரு நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போகவர இவர்கள் கடையில் டீ குடிக்க இறங்குகிறவர். இதுவும் கலைந்தால் ஹற்றனில் மனைவி செத்துப்போன ஒரு மாமன் முறைக்காரருக்குக் கொடுத்துவிடுவதாகத் தாய் முடிவு பண்ணியிருந்தா. அவருக்குக் கல்யாண வயதில் மகன் இருந்தான். அதைச் சொல்லும்போது தாயும் அழுதா, மூக்கை நன்றாகச் சிந்தினா. குழாய் வழி ஒழுங்காக இருந்தது அவவுக்கு.

தாயை மருந்து வாங்க அனுப்பிவிட்டு நான் பெண்ணைக் கேட்டேன். எல்லாரும் உன் கண்ணைப் பார்த்து முடிவு பண்ணுகிறார்கள், வாயைத் திறந்து யாராவது கேட்டார்களா, உனக்கு இந்த இடம் விருப்பமா என்றேன்.

"விருப்பம் மிஸ்ஸி" என்றாள். "அவங்க ஒருநாள் டீ குடிச்சிட்டு, ஏன் அழுறீங்கன்னு கேட்டாங்க. அழல, சும்மா வருதுன்னு சொன்னேன். நம்பல. நான் சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னேன், அப்பவும் நம்பல."

பிறகு தன்னைப் பற்றி அவளே பகிடி பண்ணினாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பிரம்பை எடுத்துக்கொண்டு வந்து, அதுதான் ஏற்கெனவே அழுகிறதே என்று விட்டுவிடுவாவாம். சித்தப்பா செத்தபோது சொந்த மகள்மாரைவிட இவள்தான் உருகி அழுதாள் என்று ஊரே பேசியதாம். அந்தச் சித்தப்பாவை அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. செத்த வீட்டுல மட்டும் எனக்கு நல்ல பேரு மிஸ்ஸி என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போனது, எப்படியாவது இது சரிவர வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

பெரியவர் போயாவுக்காக அவசரப்படவில்லை, வேண்டுமென்று தள்ளிப்போடவும் இல்லை. அடுத்த ஒப்பரேஷன் நாளில் எடுத்தார். கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இமையில் சின்ன ஊசி போட்டோம். ஆளை மயக்குவதில்லை, காரணம் பிறகு அவள் பேசவேண்டும். முதலில் அந்த இடது கீழ் இமை மேடு. நான் இமையை வெளியே இழுத்துப் பிடித்தேன். மெல்லிய ஊசி முனையால் மேட்டின் நடுவில் குத்தினார். பிறகு பென்சில் முனை மாதிரிக் கூரான விரிப்பானை வைத்து, விரல்களுக்குள் உருட்டி உருட்டி, முதலில் நேரே கீழே, பிறகு மூக்குப்பக்கம் படுக்க வைத்து உள்ளே விட்டார். அது போனது. ஒரு நூலளவு, இன்னொரு நூலளவு. குழாய் இருந்தது.

விரிப்பானை எடுத்துவிட்டு வளைந்த முனையுள்ள ஊசியால் உப்புத் தண்ணீர் செலுத்துவார். வழி சரி என்றால் அது மூக்கால் இறங்கித் தொண்டைக்குள் வரும், நோயாளிக்கு உப்புக் கரிக்கும். இந்த இடத்தில் பெரியவருக்கு ஒரு சட்டம் இருந்தது. உப்புக் கரிக்குதா என்று ஒருத்தரும் கேட்கக்கூடாது. கேட்டால் எங்கட சனம் டொக்டர் மனம் நோகக்கூடாது எண்டு ஓம் எண்டுதான் சொல்லும், அதை நம்பி வீட்டுக்கு அனுப்பினால் மனுசன் வழி நெடுக அழுதுகொண்டு போவான் என்பார். ஆகவே எதையும் சொல்லிக்கொடுக்காமல், தொண்டையில் என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்கவேண்டும்.

கேட்டேன். அவள் ஒரு தடவை விழுங்கினாள். படுத்திருந்த வாக்கிலேயே முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு கூடிப்போச்சு மிஸ்ஸி."

கடைக்காரர் மகள் இல்லையா, ரசத்தை ருசி பார்த்த மாதிரியே சொன்னாள். பெரியவருடைய முகமூடிக்கு மேலே கண் சுருங்கியது. அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

வலது கண் அப்படி லேசில் விடவில்லை. கீழ் இமையில் மேடே இல்லை. அவர் அலசி அலசிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. இன்னும் கொஞ்சம் கீறிப் பார்க்கலாமா என்று பக்கத்தில் நின்ற சின்ன டொக்டர் கேட்டார். இல்லாததைத் தோண்டினால் இருக்கிறதும் கெட்டுப்போகும் என்று சொல்லி மேல் இமைக்குப் போனார். அங்கே ஒரு மேடு, மிகவும் மெலிதாக. குத்தினார், உருட்டினார், உப்புத் தண்ணீரைச் செலுத்தினார். நான் கேட்டேன், என்ன தெரிகிறது? ஒண்ணும் இல்ல என்றாள். செலுத்திய தண்ணீர் அப்படியே வந்த வழியால் திரும்பிக் கன்னத்தில் வழிந்தது. எனக்கு ஹற்றன் மாமன்தான் ஞாபகம் வந்தார். பெரியவர் அமத்தவில்லை. அமத்தினால் குழாய் கிழிந்துவிடும். ஊசியைக் கொஞ்சம் பின்னே இழுத்தார், இமையை நான் வெளிப்பக்கம் இன்னும் இழுத்துக் குழாயை நேராக்கினேன், முனையைத் திருப்பி மறுபடி மெல்லச் செலுத்தினார். நாங்கள் மூன்று பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தொண்டை ஏறி இறங்கியது. நான் கேட்கவே இல்லை.

"இங்கயும் அதே உப்பு" என்றாள்.

நாலு வாசலில் இரண்டு திறந்தது, கண்ணுக்கு ஒன்று. அது போதும். மூடிவிடாமல் இருக்க அவள் கிளினிக் நாளெல்லாம் ரயிலேறி வந்து விரிப்பானை விட்டுக்கொண்டு போனாள். ஒருநாள்கூடத் தவறவில்லை. கன்னத்துத் தோல் ஆறியது. லேஞ்சியைக் கையில் வைத்திருந்தாள், பழக்கம். ஆனால் அது காய்ந்தே இருந்தது.

போயா முடிந்த கிளினிக் நாளில் தாய் லட்டுப் பெட்டியோடு வந்து முழுக் கதையையும் சொன்னா. சரோஜா டீத் தட்டை எடுத்துக்கொண்டு காய்ந்த கண்ணோடு போய் நின்றிருக்கிறாள். பையனின் அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, புள்ள நல்ல சிரிச்ச முகம் என்றாவாம். பையன் மட்டும், அழுகை நின்னுடுச்சா என்று கேட்டிருக்கிறார். நான் எப்பங்க அழுதேன் என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். நாள் குறித்தாயிற்று. பெரியவருக்குப் பத்திரிகை வைத்தார்கள். அவர் கல்யாண வீடுகளுக்குப் போகிற ஆள் இல்லை. கை கழுவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"நீர் போம். பெட்டை புருஷன் வீட்டுக்கு வெளிக்கிடேக்க அழுவாள். அப்ப நல்லாப் பாரும்."

வேறொருத்தர் என்றால் கல்யாண வாழ்த்துச் சொல்லி அனுப்புவார்கள். எங்கள் ஆள் நோயாளியைப் பார்த்துவர அனுப்பினார். நான் புது மணிப்புரிச் சேலை ஒன்று எடுத்துக் கட்டிக்கொண்டு கடுகண்ணாவைக்கு பஸ் ஏறினேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அரிசிக்கும் கட்டுப்பாடு இருந்த காலம் என்று சாப்பாடு சுருக்கம், ஆனால் ருசியில் குறை இல்லை, அப்பா தன் கையால் சமைத்திருந்தார். மனிதர் காலையிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. பெண்ணை அனுப்புகிற நேரம் வந்தது. காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளை நின்றார். தாய் ஓவென்று அழுதா, அத்தைமார் அழுதார்கள், பக்கத்துக் கடை சிங்கள அம்மாவும் அழுதா. சரோஜா அழவில்லை. காய்ந்த கண்ணோடு எல்லார் காலிலும் விழுந்து எழும்பினாள்.

கூட்டத்தில் முணுமுணுப்பு வந்தது. பெற்ற வீட்டை விட்டுப் போகிற பெண்ணுக்கு ஒரு சொட்டு வரவில்லையே என்றாள் ஒருத்தி. இத்தனை காலம் சும்மா சும்மா அழுதாள், அழவேண்டிய நேரத்தில் நிற்கிற நிலையைப் பார் என்றாள் இன்னொருத்தி. ஆஸ்பத்திரியில் என்னத்தையோ வெட்டி எடுத்துவிட்டார்கள், அழுகையே வற்றிப்போச்சு என்று ஒரு கிழவர் எனக்குக் கேட்கவே சொன்னார். தாய் அழுதுகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கண்ணீர் ஊறுகிற இடம் வேறு, போகிற வழி வேறு, நாங்கள் ஊறுகிற இடத்தைத் தொடவே இல்லை என்று அந்த ரோட்டில் நின்று யாருக்கு விளங்கப்படுத்துவது? எனக்குக் கோபமும் வந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பயமும் வந்தது.

அப்போதுதான் அப்பா அடுப்படியிலிருந்து வந்தார். இடுப்பில் துண்டு, கையில் வாழையிலையில் கட்டின சோத்துப் பார்சல். லொறிக்காரர்களுக்குக் கட்டுகிற அதே கட்டு, அதே சணல் நூல். மகளிடம் நீட்டினார்.

"தெல்தெனிய தூரம். வழியில பசிக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். சரோஜா பார்சலை வாங்கினாள். அது சூடாக இருந்திருக்கவேண்டும், ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். பிறகு அவள் முகம் கோணியது. அத்தனை மாதத்தில் நான் அந்த முகம் கோணிப் பார்த்ததில்லை. அப்பா என்று ஒரு சத்தம், அதோடு உடைந்து போனாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. முணுமுணுத்தவர்கள் எல்லாரும் ஆறுதலாக மூச்சு விட்டார்கள், கிழவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் முக்கியமில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டப் போய் அவள் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் உறிஞ்சினாள். மறுபடி உறிஞ்சினாள். அழுகைக்கு நடுவில் திகைத்துப்போய் மூக்கில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, என்னைத் தேடினாள்.

"மிஸ்ஸி, எனக்குத் தடிமன் புடிச்சிருச்சு போல."

"தடிமன் இல்லடி" என்றேன். "இதுதான் அழுகை. சிந்து."

பார்சலை மறுபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். லேஞ்சி எங்கே போனதோ தெரியாது. என் சேலைத் தலைப்பை எடுத்து அவள் மூக்கில் வைத்தேன். மணமேடையிலிருந்து இறங்கி வந்த பெண், பட்டுச் சேலையும் மாலையுமாக, நடு ரோட்டில், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்க, ஊர் கேட்கிற சத்தத்தோடு மூக்கைச் சிந்தினாள். தாய்க்கு வெட்கம் தாங்கவில்லை. நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன், அதை மறைக்க என்ன இருக்கிறது.

திங்கட்கிழமை காலை பெரியவர் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் துவாயோடு பக்கத்தில் போய் நின்றேன். முகத்தைத் திருப்பவில்லை.

"என்ன, சிந்தினவளோ?"

"சிந்தினாள் சேர்."

"பார்த்தனீரோ, நினைச்சனீரோ?"

"பார்த்தேன் சேர்."

குழாயை மூடினார். துவாயை வாங்கி விரல் விரலாகத் துடைத்தார்.

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் சேர்" என்றேன். "என் புது மணிப்புரிச் சேலையில."